தமிழில் டைப் செய்ய கீபோர்டை செட் செய்வது எப்படி? ஒரே 'க' எழுத்துக்கு மூன்று இடங்கள் ஏன்? - விரிவான விளக்கம்

டைப்ரைட்டிங் தமிழில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். கையில் சான்றிதழ் இருக்கிறது. அலுவலகத்தில் முதல் நாள் கணினி முன்னால் உட்கார்ந்து, பழகிய விரலால் 'க' அடித்தால் திரையில் ஒரு புள்ளி மட்டும் வருகிறது. பக்கத்து மேஜையில் இருக்கும் கணினியில் அதே விசையை அழுத்தினால் 'இ' சேர்கிறது. கீபோர்டு ரிப்பேரா? இல்லை. இரண்டு கணினியிலும் கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் இருக்கும் ஒரு தேர்வுதான் வேறு.

தமிழ்நாட்டில் அரசு வேலைக்குப் படிப்பவர்கள், இ-சேவை மைய ஊழியர்கள், டிடிபி சென்டர் நடத்துபவர்கள் என்று ஏராளமானோர் அன்றாடம் மோதும் சுவர் இது. தட்டச்சர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி கேட்பது தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தகுதி. அந்தத் தேர்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பல ஊர்களில் இன்றும் அதற்கான பயிற்சி இரும்பு டைப்ரைட்டரில்தான். ஆனால் வேலை செய்யப்போவது கணினியில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை யாரும் சொல்லித் தருவதில்லை.

கீபோர்டு உண்மையில் என்ன அனுப்புகிறது?

ஒரு விசையை அழுத்தினால் அதில் அச்சிடப்பட்ட எழுத்து கணினிக்குப் போவதில்லை. 'இத்தனையாவது இடத்தில் இருக்கும் விசை அழுத்தப்பட்டது' என்ற ஓர் எண் மட்டும்தான் போகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது விண்டோஸோ, லினக்ஸோ, மேக்கோ. அந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் லேஅவுட். கடையில் தமிழ் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினாலும் லேஅவுட் மாறாது. ஸ்டிக்கரில் 'க', திரையில் 'ப' என்று குழப்பம்தான் கூடும்.

இதே காரணத்தால்தான் ஆங்கிலத்திலும் ஒரு பிரச்னை வருகிறது. ஈமெயில் முகவரியில் '@' அடித்தால் மேற்கோள் குறி வருகிறதா? உங்கள் கணினியில் பிரிட்டன் ஆங்கில லேஅவுட் இருக்கிறது. அதில் இந்த இரண்டு குறிகளும் இடம் மாறியிருக்கும். நம் ஊரில் விற்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. செட்டிங்ஸில் இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றிவிட்டால் போதும். கூடுதல் லாபமாக, வலது ஆல்ட் விசையுடன் 4 அழுத்தினால் '₹' குறியும் வரும்.

ஏன் இத்தனை லேஅவுட்?

தமிழ் டைப்ரைட்டருக்கு வழி வகுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா பக்கம் போன ஆர்.முத்தையா. 247 எழுத்துகளை சில டஜன் விசைகளுக்குள் அடக்க வேண்டும். எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்ததுதான் வழி. கால் தனி, கொம்பு தனி, புள்ளி தனி. 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். கையால் எழுதும்போது கண்ணுக்குத் தெரியும் அதே வரிசை.

புள்ளிக்கு இன்னொரு தந்திரம். சாதாரண விசையை அடித்தால் தாள் ஓரிடம் நகரும். புள்ளி விசை அடித்தால் நகராது. அதனால் 'ழ்' வேண்டுமென்றால் முதலில் புள்ளி, அப்புறம் 'ழ'. புள்ளி வைத்த அதே இடத்தில் எழுத்து வந்து விழும். டைப்ரைட்டிங் படித்த கைகளுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

கணினியில் இப்போது எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் கதை தலைகீழ். அங்கே மெய்யெழுத்தின் உடம்பு முதலில், உயிர்க்குறியோ புள்ளியோ பின்னால். 'கொ' என்றால் நினைவகத்தில் முதலில் 'க', அடுத்து ஒகரக் குறி. எனவே டைப்ரைட்டர் லேஅவுட்டை கணினியில் கொண்டுவர வேண்டுமானால், கை அடிக்கும் வரிசையை நடுவில் ஒரு மென்பொருள் திருப்பிப் போட வேண்டும். சில மென்பொருள்கள் இதைச் சரியாகச் செய்யும். சிலவற்றில் புள்ளி முந்தைய எழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது, இன்ஸ்கிரிப்ட். 1980-களில் மத்திய அரசின் மின்னணுத் துறை எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அமைப்பு என்று கொண்டுவந்தது. ஒரு மொழியில் பழகினால் இன்னொரு மொழியிலும் அடிக்கலாம் என்பது யோசனை. நல்ல யோசனைதான், ஆனா அது தேவநாகரியை அடிப்படையாக வைத்துப் போட்ட வரைபடம். இந்தியில் இருக்கும் நான்கு விதமான 'க' தமிழில் கிடையாது என்பதால் அந்த இடங்கள் எல்லாம் வெறுமனே கிடக்கின்றன. அதே சமயம் தமிழுக்கு வாய்க்கு வாய் தேவைப்படும் ன, ண, ள, ற, ழ ஐந்தும் ஷிஃப்ட் அழுத்தினால்தான் வரும். 'அவன் வந்தான்' என்று அடிக்க, 'அ'-வுக்கும் சேர்த்து, மூன்று முறை ஷிஃப்ட். விண்டோஸின் பழைய பதிப்புகளில் 'தமிழ்' என்று மொழியைச் சேர்த்தால் முதலில் வந்து நிற்பது இந்த லேஅவுட்தான். 'விண்டோஸில் தமிழ் சரியாக வேலை செய்யவில்லை' என்று பலர் கைவிடுவதும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம் என 31 எழுத்துகளுக்கு இடம் கொடுத்தால் போதும், மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. உயிரெழுத்துகள் இடது கை, மெய்கள் பெரும்பாலும் வலது கை. ஷிஃப்ட் தேவைப்படுவது ஆய்தத்துக்கும் ஸ, ஷ, ஜ, ஹ போன்றவற்றுக்கும் மட்டும்.

இந்த மூன்றையும் 'க' எழுத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். டைப்ரைட்டரில் இடது கை ஆள்காட்டி விரலுக்குக் கீழே, ஆங்கில எஃப் இருக்கும் இடத்தில் 'க'. டைப்பிங் கிளாஸில் முதல் பாடமாக 'யளனக' அடித்தவர்களுக்குத் தெரியும். தமிழ்99-ல் அதே எஃப் இடத்தில் இருப்பது புள்ளி. 'க' இருப்பது எச் இடத்தில். இன்ஸ்கிரிப்டில் எஃப் என்பது இகரக் குறி. 'க' இருப்பது கே-யில். முதல் பத்தியில் சொன்ன அலுவலகக் குழப்பத்துக்கு விடை இதுதான்.

நான்காவதாக, ஆங்கிலத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாறும் ஃபோனெடிக் முறை. மொபைலில் பெரும்பாலானோர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறை இந்த வகையில் பழையது, நம்பகமானது. மேக் கணினிகளில் அஞ்சலும் தமிழ்99-ம் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதையும் தரவிறக்க வேண்டியதில்லை.

தமிழ்99-ன் பலம் எது?

தானாக வரும் புள்ளி. 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் மெய்க்குக் கணினியே புள்ளி வைத்துவிடும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் அப்படியே. 'தங்கம்' என்ற சொல்லில் 'ங்' மேல் புள்ளி வைக்க நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தமிழ்ச் சொற்கள் அமையும் விதத்தைப் பார்த்து வைத்த விதி இது.

புள்ளி வேண்டாத இடம் வந்தால்? 'மமதை' என்று அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ம அடித்து, நடுவில் ஒரு 'அ' தட்டிவிட்டு, மறுபடி ம அடிக்க வேண்டும். இப்படிப்பட்ட சொற்கள் குறைவு என்பதால் பழகிவிடும்.

ஆனா இதே பலம் டைப்ரைட்டரில் இருந்து வருபவர்களைக் கவிழ்க்கும் இடமும்கூட. இரும்பு விசையை அழுத்தி அழுத்திப் பழகிய விரல் ஒரு கணம் அதிகமாக விசையில் தங்கும். டைப்ரைட்டரில் அதனால் ஒன்றும் ஆகாது. கணினியில் விசை பிடித்தபடி இருந்தால் எழுத்து மறுபடி விழும். தமிழ்99-ல் அது வெறும் இரட்டை எழுத்தாக நிற்காது. 'படம்' அடித்தது 'பட்டம்' ஆகிவிடும். 'பாடு' என்பது 'பாட்டு' ஆகிவிடும். இரண்டும் அகராதியில் இருக்கும் சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுபிடிக்காது. ஓர் அரசாணையிலோ பத்திரத்திலோ இப்படி ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு விண்டோஸின் பழைய கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. அங்கே 'கீபோர்டு' என்ற பகுதியைத் திறந்தால் 'ரிப்பீட் டிலே' என்று ஒரு நகர்த்தி இருக்கும். அதை 'லாங்' பக்கம் முழுதாக நகர்த்துங்கள். விசையைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தாலும் எழுத்து இரட்டிக்காது. அரை நிமிட வேலை. டைப்ரைட்டரில் இருந்து கணினிக்கு மாறும் எவரும் முதலில் தொட வேண்டிய செட்டிங் இதுதான்.

விண்டோஸில் எப்படிச் சேர்ப்பது?

செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்'. 'ஆட் எ லாங்குவேஜ்' அழுத்தி தமிழ் இந்தியாவைச் சேர்க்க வேண்டும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தமிழ் என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் 'கீபோர்ட்ஸ்' என்ற பகுதி வரும். அங்கே 'ஆட் எ கீபோர்டு' கொடுத்து தமிழ்99-ஐ எடுத்துக்கொண்டு, தேவையில்லாத மற்ற லேஅவுட்டை நீக்கிவிடுங்கள். நீக்குவது முக்கியம். மூன்று நான்கு லேஅவுட் இருந்தால் மாற்றும்போது எது எப்போது வரும் என்றே தெரியாது. விண்டோஸ் 11-லும் விண்டோஸ் 10-ன் பிந்தைய பதிப்புகளிலும் தமிழ்99 உள்ளமைந்தே வருகிறது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற, விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பார்.

சேர்த்த லேஅவுட் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை. நோட்பேடைத் திறந்து எச் விசையை இரண்டு முறை தட்டுங்கள். 'க்க' வந்தால் முழுமையான தமிழ்99. 'கக' என்று வந்தால், எழுத்துகளின் இடம் மட்டும்தான் தமிழ்99, புள்ளி விதி இல்லை என்று அர்த்தம்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் இந்தச் சோதனையில்தான் மாட்டுவார்கள். கீபோர்டு பட்டியலில் தமிழ்நெட்99 என்ற பெயரில் ஒன்று இருக்கும். அது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற கணக்கில் இயங்கும் அடுக்கு. முன்னால் என்ன எழுத்து அடித்தீர்கள் என்று திரும்பிப் பார்க்கும் திறன் அதற்குக் கிடையாது. புள்ளி தானாக வர வேண்டுமானால் ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவி, ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வந்து, 'தமிழ்99 எம்17என்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பொதியில் டைப்ரைட்டர் முறையும் ஃபோனெடிக்கும்கூட உண்டு. பெயர் ஒன்றுபோல் இருக்கும், வேலை வேறு.

பாஸ்வேர்டு ஏற்கவில்லையா?

தமிழ் சேர்த்த மறுநாள் வரும் முதல் புகார் இது. லாகின் திரையில் லேஅவுட் தமிழில் நிற்கும். பாஸ்வேர்டு வெறும் புள்ளிகளாகத் தெரிவதால் என்ன அடிக்கிறோம் என்று தெரியாது. திரையின் கீழ் வலது மூலையில் மொழிக் குறியைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் முடிந்தது. நிரந்தரமாகச் சரிசெய்ய, செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' போய், இயல்பு உள்ளீட்டு முறையாக ஆங்கிலத்தை வைத்துவிடலாம். அதே பக்கத்தில், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி மொழியை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று வேலை செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இன்னொரு புகார்: 'திடீர்னு கீபோர்டு வேலை செய்யல, அழுத்திப் பிடிச்சாதான் எழுத்து வருது'. பல நேரம் புது கீபோர்டே வாங்கிவிடுகிறார்கள். வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்தால் வரும் ஃபில்டர் கீஸ் என்ற வசதி தெரியாமல் ஆன் ஆகியிருக்கும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, சட்டென்று படும் தட்டல்களைப் புறக்கணிக்க வைத்த வசதி அது. செட்டிங்ஸில் 'ஆக்ஸஸிபிலிட்டி', அதில் 'கீபோர்டு' போய் அணைத்தால் சரியாகிவிடும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் மவுஸின் பட்டன்களை மாற்றிக்கொள்வதும் செட்டிங்ஸில் ஒரு நொடி வேலைதான். அலுவலகங்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பழைய எழுத்துருக்களில் அடித்தால் என்ன தவறு?

டிடிபி சென்டர்களிலும் பல அலுவலகங்களிலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் இன்னமும் வேலை நடக்கிறது. டைப்ரைட்டர் பழகியவர்களுக்கு பாமினி வசதி. எந்த செட்டிங்கும் தேவையில்லை, எழுத்துருவை மாற்றினால் போதும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேஷம் மட்டுமே.

இதன் விளைவை அனுபவிப்பது வேறு ஆட்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு திறந்தால் புரியாத ஆங்கிலக் குப்பை. கூகுளில் தேடினால் கிடைக்காது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை 'ஜே கே பி ஓ' என்றுதான் படிக்கப் பார்க்கும். ஓர் அரசு சுற்றறிக்கை தமிழில் வெளியாகியும் பார்வையற்ற ஒருவருக்கு அது வெளியாகாத மாதிரிதான்.

தமிழ்நாடு அரசு 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ்16 என்ற முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 'கீழடி' என்ற பெயரில் விசைப்பலகை மென்பொருளையும், பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை மாற்ற ஒரு மாற்றியையும் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆக, ஆணை இருக்கிறது, கருவியும் இருக்கிறது. பயிற்சிதான் இல்லை.

டைப்ரைட்டிங் படித்தவர்கள் என்ன செய்வது?

டைப்ரைட்டர் தேர்வைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பயிற்சி நிலையங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. குறைந்த கட்டணத்தில், மின்சாரம் இல்லாவிட்டாலும் ஓடும் இயந்திரத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு விரல் ஒழுக்கம் கற்றுக்கொடுத்த இடங்கள் அவை. ஆனால் இந்தியாவில் டைப்ரைட்டர் தயாரித்துவந்த கோத்ரெஜ் நிறுவனமே 2009-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் இயந்திரங்களுக்கு உதிரி பாகம் தேடி அலையும் நிலைதான்.

கணினிக்கு மாறுவது தவிர்க்க முடியாது என்றால், உண்மையான கேள்வி கணினியா டைப்ரைட்டரா என்பதல்ல. எந்த லேஅவுட் என்பதுதான். கணினியில் பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டையே வைத்தால் இன்று படித்தவர்கள் பிழைப்பார்கள்; ஆனால் அரசு ஏற்ற தரம் இன்னொரு தலைமுறைக்குக் காகிதத்தில் இருக்கும். நேரடியாகத் தமிழ்99-க்கு மாற்றினால், இரண்டு மூன்று வருடம் பாடுபட்டு ஹையர் பாஸ் செய்தவர் மறுபடி முதல் பாடத்தில் இருந்து தொடங்க வேண்டும். கொஞ்ச காலத்துக்கு இரண்டு லேஅவுட்டையும் அனுமதித்து, புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும் தமிழ்99 கற்பிப்பதே குறைந்த சேதம் உள்ள வழி. ஒரே கணினியில் இரண்டு லேஅவுட்டும் இருப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

அதுவரை தேர்வர்கள் செய்யக்கூடியது: கணினியில் தமிழ் டைப்பிங் என்று எந்த வேலை விளம்பரம் வந்தாலும், எந்த லேஅவுட், எந்த எழுத்துரு என்ற இரண்டையும் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். தேர்வு அறையில் உட்கார்ந்ததும், நேரம் ஓடத் தொடங்கும் முன், எஃப் விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'க' வந்தால் டைப்ரைட்டர், புள்ளி வந்தால் தமிழ்99, இகரக் குறி வந்தால் இன்ஸ்கிரிப்ட். எதிர்பார்த்தது வராவிட்டால் கையை உயர்த்திக் கண்காணிப்பாளரை அழைப்பதற்கு அதுதான் நேரம்.